விமானம் ரத்து: சதவீதம் சொல்வதும் சொல்லாததும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "விமானத்தைப் பற்றி எழுதப் போறேன்" என்றேன். நண்பர்கள் சிரித்தார்கள். "நீ என்னைக்குடா விமானத்துல ஏறுன?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் ஏறியதில்லை. திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கு வருகிறவன் நான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். பெருங்குடிப் பக்கம் போகும்போது விமானம் தாழ்வாக இறங்குவதை அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

ஆனாலும் இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது என்ன?

2025 ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலையில் எங்கள் அம்மாச்சி இறந்துபோனார். அம்மாச்சிக்கு ஒரே மகன். என் தாய்மாமன். குவைத்தில் வெல்டர் வேலை பார்க்கிறார். தகவல் சொன்னதும் அன்று ராத்திரியே விமானம் ஏறிவிட்டார். வெள்ளிக்கிழமை விடிகாலை சென்னை. அங்கிருந்து மதுரைக்கு வேறொரு விமானத்தில் காலை டிக்கெட். பத்து மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார் என்று கணக்கு.

சென்னையில் காத்திருந்தவரிடம் எட்டரை மணிக்கு மதுரை விமானம் ரத்து என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த விமானத்தில் இடமில்லை. டாக்சி பிடித்துப் புறப்பட்டார். சென்னைக்கும் மதுரைக்கும் ரோட்டு வழியாகச் சுமார் 460 கிலோமீட்டர். "திருச்சி தாண்டிட்டேன், திருச்சி தாண்டிட்டேன்" என்று போன் வந்தபோது மணி நாலரை.

பெரியவர்கள் அதற்கு மேல் பொறுக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும். மறுநாள் சனிக்கிழமை. சனிப்பொணம் தனிப்போகாது என்பார்கள் அல்லவா! ஐந்து மணிக்குத் தூக்கிவிட்டோம். சித்தப்பா முறையில் ஒருவர் கொள்ளி வைத்தார். மாமா ஊருக்குள் வந்து இறங்கும்போது ஏழு மணி. நேரே சுடுகாட்டுக்குப் போனார். நாங்கள் யாரும் கூடப் போகவில்லை.

எந்த விமானக் கம்பெனி என்று நான் இங்கே எழுதவில்லை. அது இந்தக் கட்டுரைக்குத் தேவையும் இல்லை. ஏன் தேவையில்லை என்பதைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து திரும்புகிற நேரத்தில் மாமா என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, நீதான் படிக்கிற புள்ள. எந்தக் கம்பெனி கேன்சல் பண்ணாமப் போகும்னு பாத்துச் சொல்லு. இனிமே காசு கூடன்னாலும் அதுலதான் வருவேன்" என்றார். அம்மாவும், "பாத்துச் சொல்லுப்பா, உனக்கில்லாததா" என்றார்.

படித்தவன் என்று நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். நானும் உட்கார்ந்தேன்.

கிடைத்தது ஒரு பட்டியல்

நம் நாட்டில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிப்பது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். உள்நாட்டு விமானப் போக்குவரத்து பற்றி மாதம்தோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறார்கள். எத்தனை பயணிகள் போனார்கள், எத்தனை இருக்கைகள் நிரம்பின, ஒவ்வொரு கம்பெனியும் நூற்றுக்கு எத்தனை விமானங்களை ரத்து செய்தது, என்ன காரணம், எத்தனை புகார் வந்தது என்று எல்லாம் அதில் உண்டு. கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் அதை எடுத்துப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். குறைந்த எண்ணைப் பார்த்துக் கம்பெனி பெயரைச் சொன்னால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு மூன்று மாத அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது சந்தேகம் வந்தது. ஒரு மாதம் முதலிடத்தில் இருந்த கம்பெனி அடுத்த மாதம் கீழே கிடந்தது. சரி, இந்தச் சதவீதம் எப்படி வருகிறது என்று பார்த்தால்தான் புரியும் என்று தோண்ட ஆரம்பித்தேன்.

சதவீதம் என்பது ஒரு பின்னம். மேலே ஓர் எண், கீழே ஓர் எண். ரத்தான விமானங்கள் மேலே. அட்டவணைப்படி போக வேண்டிய விமானங்கள் கீழே. இது ஆறாம் வகுப்புக் கணக்கு. ஆனால் மேலே எதை வைப்பது, கீழே எதை வைப்பது என்று யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. நான் நான்கு கேள்விகளாகப் பிரித்துக்கொண்டேன்.

கேள்வி 1: ரத்து என்றால் எது ரத்து?

அமெரிக்காவில் ஒரு விமானம் புறப்படும் நாளுக்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் முன்பதிவுக் கணினியில் இருந்து, பிறகு பறக்காவிட்டால்தான் அது ரத்துக் கணக்கில் சேரும். அதற்கும் முன்பே எடுத்துவிட்டால் சேராது. பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் வைத்திருக்கும் அளவு இன்னும் குறுகலானது. புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்குள் ரத்தானதைத்தான் எண்ணுகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கம்பெனி மாதத்துக்கு 1,000 விமானங்கள் விடுவதாகச் சொல்லி டிக்கெட் விற்கிறது. அதில் 20 விமானங்களை, கூட்டம் சேரவில்லை என்று பத்து நாளைக்கு முன்பே எடுத்துவிடுகிறது. 6 விமானங்களை இரண்டு நாள் முன்னால் ரத்து செய்கிறது. 4 விமானங்களை அன்றைக்கே ரத்து செய்கிறது.

டிக்கெட் எடுத்தவர்கள் கணக்கில் 1,000க்கு 30. அதாவது 3 சதவீதம்.
அமெரிக்கக் கணக்கில் 980க்கு 10. சுமார் 1 சதவீதம்.
பிரிட்டன் கணக்கில் 974க்கு 4. சுமார் 0.4 சதவீதம்.

கம்பெனி ஒன்றுதான். மாதமும் ஒன்றுதான். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று எண்கள்! இதை அறியாமல் ஒரு நாட்டின் சதவீதத்தை இன்னொரு நாட்டோடு ஒப்பிடுவது, படியையும் கிலோவையும் ஒப்பிடுவது போலத்தான்.

இன்னொன்றும் உண்டு. ஐந்து மணி நேரம் தாமதமாகப் போன விமானம் ரத்துக் கணக்கில் வராது. அது தாமதம். தாமதக் கணக்கிலும், 15 நிமிடத்துக்குள் இருந்தால் சரியான நேரம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். 16 நிமிடம் தாமதமானாலும் ஐந்து மணி நேரம் தாமதமானாலும் அந்தக் கணக்குக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே ஒரு கம்பெனி ரத்து செய்யாமல் இழுத்தடித்து விமானத்தை விட்டால் அதன் ரத்துச் சதவீதம் அழகாக இருக்கும். ரத்தையும் தாமதத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பாதிதான் தெரியும்.

கேள்வி 2: எண்ணுவது யார்?

டி.ஜி.சி.ஏ. அறிக்கையில் வரும் ரத்துக் கணக்கு, விமானக் கம்பெனிகள் தாங்களே அனுப்பும் விவரத்தைக் கொண்டது. எதனால் ரத்து என்ற காரணமும் அப்படியே. வானிலை, தொழில்நுட்பக் கோளாறு, இயக்கக் காரணம், வணிகக் காரணம் என்று தலைப்பு வாரியாகப் பிரிக்கிறார்கள்.

காரணத்துக்கும் காசுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் 2010-ல் வந்த விதிப்படி, உரிய நேரத்தில் தகவல் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதோடு நஷ்டஈடும் உண்டு. பயண நேரம் ஒரு மணிக்குள் என்றால் ரூ.5,000 வரை, இரண்டு மணிக்குள் என்றால் ரூ.7,500 வரை, அதற்கு மேல் ரூ.10,000 வரை என்பது இப்போதைய அளவு. ஆனால் கம்பெனியின் கட்டுப்பாட்டை மீறிய காரணம் என்றால் அந்த நஷ்டஈடு கிடையாது. புயலுக்கு யார் பொறுப்பு? இதனால் எல்லோரும் காரணத்தை மாற்றி எழுதுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தேர்வு எழுதியவனே விடைத்தாள் திருத்தினால், அவன் எவ்வளவு நேர்மையானவனாக இருந்தாலும், இன்னொருவர் ஒருமுறை பார்ப்பது நல்லது அல்லவா? அவ்வளவுதான்.

சரியான நேரத்துக்குப் போகிற கணக்கிலும் ஒரு விஷயம் உண்டு. பல ஆண்டுகளாக டி.ஜி.சி.ஏ.யின் மாத அறிக்கையில் அந்தக் கணக்கு டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய நான்கு விமான நிலையங்களை மட்டும் வைத்துப் போடப்பட்டது. மதுரை அதில் இல்லை. சென்னைகூட இல்லை. ஆக, மாமா போகிற வழிக்கு அந்த எண் நேரடியாக எதையும் சொல்லவில்லை.

நமது மின்னணுவியல் துறை நண்பர்களுக்கு இங்கே ஒரு செய்தி. விமானங்கள் தங்கள் இருப்பிடம், உயரம், வேகம் ஆகியவற்றை ஏ.டி.எஸ்.-பி. என்ற முறையில் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தாமே ஒலிபரப்பிக்கொண்டே பறக்கின்றன. இருப்பிடச் செய்தி நொடிக்குச் சுமார் இரண்டு முறை போகும். சிறிய ரிசீவரும் ஆன்டெனாவும் இருந்தால் அதைப் பிடிக்கலாம். உலகம் முழுக்க இப்படிப் பிடித்துச் சேர்த்துத்தான் செல்போனில் விமானம் நகர்வதைக் காட்டுகிறார்கள். கம்பெனியைக் கேட்காமலே சரிபார்க்க இது நல்ல வழி. ஆனால் பறக்காத விமானம் எந்த சிக்னலும் அனுப்பாது! அது வந்திருக்க வேண்டும் என்று தெரிய, கையில் ஓர் அட்டவணை வேண்டும். அந்த அட்டவணை எந்தத் தேதியில் எடுத்தது என்ற கேள்வி வந்து, திரும்பவும் முதல் கேள்வியிலேயே போய் நிற்கிறோம்.

கேள்வி 3: எந்த வழியில் போகிற விமானம்?

இதுதான் என்னை அசர வைத்த பகுதி. அமெரிக்காவில் 1991 ஜூன் மாதம் இரண்டு கம்பெனிகளின் கணக்கு. ஒன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ். மற்றது அப்போது இருந்த அமெரிக்கா வெஸ்ட். ஐந்து விமான நிலையங்களில் நூற்றுக்கு எத்தனை விமானங்கள் தாமதம் என்று பாருங்கள். முதல் எண் அலாஸ்கா, இரண்டாவது எண் அமெரிக்கா வெஸ்ட்.

லாஸ் ஏஞ்சல்ஸ்: 11.1 – 14.4
பீனிக்ஸ்: 5.2 – 7.9
சான் டியாகோ: 8.6 – 14.5
சான் பிரான்சிஸ்கோ: 16.9 – 28.7
சியாட்டில்: 14.2 – 23.3

ஐந்து ஊரிலும் அலாஸ்காவே நல்ல கம்பெனி. சந்தேகமே இல்லை. இப்போது ஐந்தையும் கூட்டுங்கள். அலாஸ்காவில் 3,775 விமானங்களில் 501 தாமதம், அதாவது 13.3 சதவீதம். அமெரிக்கா வெஸ்ட்டில் 7,225 விமானங்களில் 787 தாமதம், அதாவது 10.9 சதவீதம். மொத்தத்தில் அமெரிக்கா வெஸ்ட் ஜெயித்துவிட்டது!

நான் இதை நம்பாமல் கால்குலேட்டரில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கணக்கு சரிதான். காரணம் இதுதான்: அலாஸ்காவின் விமானங்களில் பாதிக்கு மேல், அதாவது 2,146 விமானங்கள், மேகமும் மழையுமான சியாட்டிலில் இறங்கின. அமெரிக்கா வெஸ்ட்டின் விமானங்களில் நூற்றுக்கு 73, பாலைவன ஊரான பீனிக்ஸில் இறங்கின. அங்கே எப்போதும் வெயில். கஷ்டமான ஊரில் வேலை பார்த்தவனுக்குக் கெட்ட பெயர், சுலபமான ஊரில் வேலை பார்த்தவனுக்கு நல்ல பெயர். புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். எட்வர்ட் சிம்ப்சன் என்பவர் 1951-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

நம்ம ஊரில் சொன்னால் எளிதாகப் புரியும். கிராமத்து கிளினிக்கில் யாரும் சாவதில்லை, பெரியாஸ்பத்திரியில்தான் சாகிறார்கள் என்று பேசுவதில்லையா? முடியாத நோயாளிகளை எல்லோரும் கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புகிறார்கள். அதை மறந்துவிட்டு இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

நம் நாட்டு விமானங்களுக்கும் இது பொருந்தும். டிசம்பர், ஜனவரியில் டெல்லியில் பனிமூட்டம். அந்த மாதங்களில் டெல்லிக்கு அதிகம் போகிற கம்பெனிக்கு ரத்து கூடும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமான நிலையமே சில நாட்கள் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போதும் ஓடுபாதை மூடப்பட்டது. அந்த மாதங்களில் சென்னையை மையமாக வைத்தவர்களுக்குத்தான் அடி.

"மதுரையில் பனியும் இல்லை, கடலும் இல்லை, வருஷம் பூரா வெயில்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மதுரைக்கு வரும் விமானம் மதுரையில் முளைப்பதில்லை. காலையில் ஓர் ஊரில் புறப்பட்டு, இன்னோர் ஊர் போய், அங்கிருந்து சென்னை வந்து, பிறகு மதுரைக்கு வரும். ஒரே விமானம் ஒரு நாளைக்குப் பல நடை அடிக்கிறது. முதல் நடையில் விழுந்த இடி, கடைசி நடை வரை கேட்கும். அவனியாபுரத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும்போது வடக்கே எங்கோ பெய்த மழைக்காக இங்கே விமானம் ரத்தாகலாம்.

கேள்வி 4: சராசரி யாருக்குச் சொந்தம்?

ஒரு கிராமத்துக்கு ஒரு பஸ் தினமும் பத்து நடை வருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது நடை ஒழுங்காக வந்து, ராத்திரிக் கடைசி நடை மட்டும் தினமும் கட். பட்டியலில் பத்து சதவீதம்தான் ரத்து என்று வரும். ஆனால் கடைசி பஸ்ஸை நம்பி நிற்கிற கூலிக்காரருக்கு அது நூறு சதவீதம். அவர் நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

விமானத்தில் இதற்கு நாடே பார்த்த உதாரணம் உண்டு. மாமாவுக்கு நடந்து நாலு மாதம் கழித்து, 2025 டிசம்பரில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் நாடு முழுவதும் ரத்தானதை எல்லோரும் அறிவோம். விமானிகளின் ஓய்வு பற்றிய புதிய விதிகள் 2025 நவம்பர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. களைத்த விமானி ஓட்டக் கூடாது என்பதற்காக வந்த நல்ல விதி. அதற்கேற்ற ஆள் ஏற்பாட்டை நிறுவனம் முன்கூட்டியே சரியாகச் செய்துகொள்ளவில்லை.

அந்த நவம்பர் மாதம் இண்டிகோவில் ரத்தானவை 1,232 விமானங்கள். அதில் 755 விமானங்களுக்கு விமானிகள் பற்றாக்குறையும் ஓய்வு விதியுமே காரணம் என்று டி.ஜி.சி.ஏ. சொன்னது. தினமும் சுமார் 2,200 விமானங்கள் விடுகிற நிறுவனம் அது. மாதத்துக்கு 66,000 என்று வைத்தால் 1,232 என்பது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பட்டியலில் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அக்டோபரில் 84.1 சதவீதமாக இருந்த நேரந்தவறாமை நவம்பரில் 67.7 ஆக விழுந்திருந்தது. காரணங்களைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு வரப்போவது தெரிந்திருக்கும்.

டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாளில் 2,507 விமானங்கள் ரத்து, 1,852 விமானங்கள் தாமதம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் தவித்தார்கள். அந்த மூன்று நாளுக்கு மட்டும் கணக்கிட்டால் சுமார் 38 சதவீதம். அதே 2,507-ஐ மாதம் முழுவதற்கும் பரப்பிவிட்டால் 4 சதவீதம்கூட வராது! எண் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று நாளில் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தவர்கள் அந்த 4-க்குள் காணாமல் போய்விடுகிறார்கள். 2026 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ. அந்த நிறுவனத்துக்கு ரூ.22.20 கோடி அபராதம் விதித்தது.

வெளிநாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 2022 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் சில நாட்களுக்குள் சுமார் 16,900 விமானங்களை ரத்து செய்தது. பனிப்புயல் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாகத்தான் வந்தது. மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். விமானிகளையும் ஊழியர்களையும் ஊருக்கு ஊர் பிரித்து அனுப்பும் ஏற்பாடு குலைந்ததால் இவர்களால் எழ முடியவில்லை. அதற்கு முந்தைய மாதங்களின் சராசரியைப் பார்த்து டிக்கெட் எடுத்தவர்களுக்கு அந்தச் சராசரி கைகொடுக்கவில்லை.

சிறிய கம்பெனிகள் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. மாதம் 50 விமானம் விடுகிறவர் இரண்டை ரத்து செய்தால் 4 சதவீதம். அடுத்த மாதம் ஒன்றும் ரத்தாகாவிட்டால் பூஜ்யம். கடைசி இடமும் அவருக்கே, முதல் இடமும் அவருக்கே. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது ஒரு மாதக் கணக்கை வைத்து யாரையும் தூக்கவும் கூடாது, தாழ்த்தவும் கூடாது.

அப்படியானால் புள்ளிவிவரமே வேண்டாமா?

அப்படி நான் சொல்ல மாட்டேன். அந்த அறிக்கை இல்லாவிட்டால் நவம்பரில் நடந்ததும் நமக்குத் தெரியாது. கம்பெனிகள் தங்கள் விளம்பரத்தில் சொல்வதையே நம்பிக்கொண்டு இருப்போம். பட்டியல் இருப்பது நல்லது. அதை வாசிக்கத் தெரிய வேண்டும். என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் சில வழிகள்:

ஒரு மாதத்தைப் பார்க்காமல் பன்னிரண்டு மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள். மழை மாதத்தை மழை மாதத்தோடு ஒப்பிடுங்கள். மொத்தத்தைப் பார்க்காமல் நீங்கள் போகிற வழியைப் பாருங்கள். ரத்தையும் தாமதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். வானிலையால் ரத்தானது எல்லோருக்கும் பொது, ஆள் இல்லாமல் ரத்தானது அந்தக் கம்பெனியின் குணம்.

மாமாவிடம் என்ன சொன்னேன்?

ஒரு மாதம் கழித்து மாமா குவைத்திலிருந்து போன் செய்தார். "என்ன மாப்ள, பாத்தியா?" நான் கொஞ்சம் தயங்கி, கம்பெனி பெயர் எதையும் சொல்ல முடியவில்லை என்றேன். பெரிய கம்பெனிகளுக்குள் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று, இரண்டுதான், அதுவும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது என்றேன். மாமா சிரித்தார். "நூத்துக்கு ஒண்ணுதானா? அந்த ஒண்ணுல நான்ல இருந்தேன்" என்றார். எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு விமானம் ரத்தாகாமல் போக நூற்றுக்கு 98 வாய்ப்பு என்றால், இரண்டு விமானம் மாறினால் 98-ஐ 98-ஆல் பெருக்கி 96 ஆகிவிடும். மாற மாற வாய்ப்பு குறையும். இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுக்காமல் ஒரே டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு கம்பெனியைச் சேரும். நாளின் கடைசி விமானத்தை எடுக்கக் கூடாது. அது ரத்தானால் அன்றைக்கு வேறு வழி இல்லை. காலை விமானம் என்றால் அடுத்ததாவது இருக்கும். அவசரம் என்றால் இடமில்லை என்று சொன்ன உடனே எழும்பூர் ரயில் என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிட வேண்டும். கம்பெனியை மாற்றுவதைவிட இவை கூடுதலாக உதவும்.

"இதெல்லாம் அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா வந்து சேந்திருப்பேனா?" என்று கேட்டார். அன்றைக்குக் காலை விமானம்தான் எடுத்திருந்தார். தாமதிக்காமல்தான் டாக்சி பிடித்தார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. "இல்ல மாமா, நீங்க செஞ்சது சரிதான். நாங்கதான் இன்னும் ரெண்டு மணி நேரம் பொறுத்திருக்கணும்" என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. "சரி மாப்ள, நல்லாப் படி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நமக்கு என்ன?

நம்மில் பலர் விமானத்தில் ஏற இன்னும் சில வருடம் ஆகலாம். ஆனால் சதவீதத்தில் தினமும் ஏறி இறங்குகிறோம். ஊரெல்லாம் கல்லூரி விளம்பரத் தட்டிகளில் "நூறு சதவீதம் வேலைவாய்ப்பு" என்று போட்டிருப்பதைப் பார்க்கிறோம். என் தங்கை இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. போன வாரம் அப்படி ஒரு தட்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அங்க சேந்தா கண்டிப்பா வேலையாமே?" என்று கேட்டாள். நான் அவளைக் கேட்டேன். கீழே உள்ள எண் எது? சேர்ந்த எல்லோருமா, பாஸ் ஆனவர்களா, வேலை வேண்டும் என்று பெயர் கொடுத்தவர்கள் மட்டுமா? மேலே உள்ள எண் எது? வேலை என்றால் எத்தனை மாத வேலை? எண்ணியது யார்?

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நேர்ல போயி அங்க படிச்ச அக்காகிட்டயே கேட்டுருவோம்ணே" என்றாள்.

அம்மாச்சி கைநாட்டு வைப்பவர். ரேஷன் கடையில் எடை போடும்போது தராசைப் பார்க்க மாட்டார், தராசு பிடிக்கிறவர் கையைப் பார்ப்பார். மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் படித்து நான் கற்றுக்கொண்டது அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். நண்பர்களே, நீங்களும் எண்ணைப் பார்க்கும்போது எண்ணியவர் கையையும் ஒருமுறை பாருங்கள்.



– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை